சர்க்கஸா, லம்பா?

ஆர்தரின் நாக்கில் தேளைப் பிடித்து விட வேண்டும். மாதா கோயிலில் முதல் பெஞ்சில் முழந்தாள் போடுகிற பெரிய மனுஷன், துரைமார்களுக்கு மொழிபெயர்ப்பாளன். அவன் வாயில் வந்த ஒரே வார்த்தையால் என் புருஷன் சூசையின் மாட்டு வண்டி லைசன் கோர்ட் வரைக்கும் போனது. லைசன் போனால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது.

பாலம் இறங்கியதும் நாலு ரோடு சேரும் இடம் எங்கள் சந்தி. பினாங்கில் மோட்டார் கார்கள் பெருகியதிலிருந்து அங்கே எப்போதும் மோதல்தான். ஏதாவது செய்யப்போவதாகச் சொல்லிக்கொண்டு துரை ஒருவர் வந்து, சந்தியிலேயே கூட்டம் போட்டார். அவர் இங்கிலீஷில் நீளமாகப் பேசி முடித்ததும் ஆர்தர் தொண்டையைச் செருமினான்.

"உங்களுக்கு இங்க சர்க்கஸ் வேணுமா, லம்பு வேணுமான்னு துரை கேக்குறாரு."

கூட்டம் சிரித்தது.

"யானை, புலியெல்லாம் வருமா தம்பி?" என்றார் சாப்பாட்டுக் கடை சுலைமான். "இருட்டுல ஜனங்க காவாயில விழுறாங்க, இவங்களுக்கு சர்க்கஸ் கேக்குதா? லம்பு போடச் சொல்லு லா!"

எல்லாரும் கை தூக்கினோம். நான் இரண்டு கையையும் தூக்கினேன். லம்பு என்றால் எங்களுக்கு விளக்குதானே? தெருவிளக்கு வரப்போகிறது என்று அன்று அத்தனை சந்தோஷம்.

வந்து நின்றதோ கம்பத்தில் சிவப்பும் பச்சையும். தெரு பழையபடி இருட்டு. சர்க்கஸ் என்றால் சந்தி நடுவில் வட்டமாகத் திட்டு கட்டி, வண்டிகளை அதைச் சுற்றிப் போகவிடுவது என்று பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஆர்தருக்கு அது அன்றே தெரியும். தமிழில் சொல்ல வாய் வலித்ததா? இங்கிலீஷை மென்று துப்பினால்தான் அவனுக்குக் கௌரவம்!

அரிசி மூட்டைகளோடு பாலம் இறங்குகிற வண்டியை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. வட்டம் இருந்தால் மாடு மெல்ல வளைந்து போய்விடும். சூசை பாதி இறக்கத்தில் இருந்தபோது பச்சை சிவப்பானது. அவர் கயிற்றை இழுத்துப் பிடித்தார். பாரம் பின்னாலிருந்து தள்ளியது. மயிலைக்காளை முழங்கால் நொறுங்க விழுந்தது. வண்டி ஒரு பணக்காரனின் காரில் இடித்தது. மாட்டை ஒருத்தனும் திரும்பிப் பார்க்கவில்லை. காரில் விழுந்த கீறலைத்தான் எல்லாரும் குனிந்து பார்த்தார்கள்.

கோர்ட்டிலும் மொழிபெயர்க்க அதே ஆர்தர்.

"செவப்பு லம்பப் பார்த்தியான்னு மாஜிஸ்ட்ரேட் துரை கேக்குறாரு."

"பார்த்தேங்க. நான் பார்த்து என்ன செய்ய? பாரம் தள்ளுது, மாடு எப்படி நிக்கும்?" என்றார் சூசை.

"யெஸ் சார்," என்றான் ஆர்தர். அவ்வளவுதான்!

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. துரைக்கு மலாய் தெரியும். எழுந்து நின்று, நேராகப் புரியட்டும் என்று மலாயிலேயே கத்தினேன். இறக்கத்தில் மாடு நிற்காது என்றேன். நாங்கள் கேட்டது தெருவுக்கு வெளிச்சம் என்றேன். சர்க்கஸ் என்றால் என்னவென்று இந்த ஆள் எங்களுக்குச் சொல்லவே இல்லை என்று அவனைக் கைநீட்டிக் காட்டினேன்.

ஆர்தரின் முகம் செத்துப்போனது. துரை இங்கிலீஷில் ஏதோ சொன்னார். அதை ஆர்தர் தரையைப் பார்த்தபடி, இந்தத் தடவை ஒரு வார்த்தை விடாமல், தெளிவான தமிழில் சொன்னான்.

"லைசன் இருக்கட்டும். ஆனா மாட்டு வண்டி எதுவும் இனிமே அந்தப் பாலத்துல வரக்கூடாது. ஊரைச் சுத்திப் போகணும்."

துறைமுகத்திலிருந்து கடைத்தெருவுக்கு அந்தப் பாலம்தான் வழி. நொண்டி மாட்டை வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றினால் நாளுக்கு ஒரு நடைகூடத் தேறாது. இனி லைசனை வைத்து நாக்கு வழிக்கவா?

"சுத்திப் போறதுன்னு தமிழ்ல சொல்லத் தெரியுதே, ஆர்தரு!" என்றேன். "அன்னைக்கு அந்த வார்த்தைய எங்கய்யா ஒளிச்சு வெச்சே?"