நடுவில் இருக்கும் பெயர்

எங்கள் கணிதத்தில் மூன்று பேர் சேர்ந்து கட்டுரை எழுதினால் பெயர்களை அகரவரிசையில் போடுவோம். யார் மண்டையை உடைத்துக்கொண்டார், யார் சும்மா பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தார் என்பதெல்லாம் அந்த வரிசையில் தெரியாது. தெரிய வேண்டும் என்று நாங்கள் நினைத்ததும் இல்லை. அனந்தராமன், கோதை, சுந்தரமூர்த்தி: எங்கள் கட்டுரைகள் எல்லாம் இப்படித்தான் வெளிவந்தன. நடுவில் இருக்கும் கோதை நான்.

இரண்டாயிரத்து ஆறில் எங்கள் புனே ஆய்வு நிறுவனத்துக்கு டாக்டர் சப்னிஸ் இயக்குநராக வந்தார். உயிரியல்காரர், நல்ல மனிதர், ஆனால் எண் பைத்தியம். யாருடைய கட்டுரையை உலகத்தில் எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று கணினியில் எண்ணி, எங்களை வரிசைப்படுத்தி, அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார். காலியாக இருந்த ஒரே பேராசிரியர் பதவிக்கு அந்த வரிசைதான் பிரதானம்.

அவர் துறையில் முதல் பெயர் வேலை செய்தவருடையது, கடைசிப் பெயர் வேலையை நடத்தியவருடையது. நடுவில் இருப்பவர் சோதனைக் குழாய் கழுவிக் கொடுத்தவர். ஆகவே அவருடைய சூத்திரத்தில் மேற்கோள்களின் பெரும்பங்கு முதலுக்கும் கடைசிக்கும் போனது. நடுவுக்குக் கிள்ளிக் கொடுத்தார். சுந்தரமூர்த்தி எப்போதோ சென்னைக்கு மாற்றலாகிப் போயிருந்தார். மிஞ்சிய இருவரில் அனந்தராமன் பட்டியலின் உச்சியில், நான் அடியில்.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வயிறு எரிந்தது. எங்களுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த அந்தக் கட்டுரையின் உயிரான நிரூபணம் என்னுடையது. புனேயின் ஹடப்சர் பகுதியில் இருந்த என் வீட்டில் ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து போட்டது. சப்னிஸிடம் போய் அகரவரிசையைப் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒருவருக்காகச் சூத்திரத்தை மாற்றினால் நாளைக்கு எல்லோரும் வந்து நிற்பார்கள் என்றார்.

கேன்டீனில் வடா பாவ் சாப்பிட்டுக்கொண்டிருந்த அனந்தராமன் எதிரே போய் உட்கார்ந்தேன்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா சப்னிஸ் கேப்பார்."

"கேப்பார், அதான் பயமா இருக்கு" என்றார். "எனக்கு இது கடைசி சான்ஸ், கோதை. அடுத்த தடவை வயசு தாண்டிடும். உனக்கு இன்னும் வருஷம் இருக்கு."

"அது நான் சொல்ல வேண்டியது. நீங்க சொல்லக் கூடாது."

அவர் தட்டைப் பார்த்தார். கெஞ்சும் பழக்கம் எனக்குக் கிடையாது, எழுந்து வந்துவிட்டேன். பதவி கேட்பவர்கள் தங்கள் சிறந்த கட்டுரையைப் பற்றி எல்லோர் முன்னிலையிலும் உரையாற்ற வேண்டும் என்று விதி இருந்தது. எங்கள் இருவருக்கும் அதே கட்டுரைதான். நான் பலகை முன்னால் நின்றால் யாருடைய சரக்கு என்று தெரிந்துவிடும், பார்த்துக்கொள்ளலாம் என்ற திமிரோடு காத்திருந்தேன்.

வரிசைப்படி அனந்தராமன் முதலில் பேசினார். நன்றாகவே பேசினார். மும்பையிலிருந்து வந்திருந்த நிபுணர் குறுக்கிட்டு, மேல் வரியிலிருந்து கீழ் வரிக்கு எப்படி வந்தீர்கள் என்று கேட்டார். அனந்தராமன் பலகையைப் பார்த்தார். சாக்பீஸைத் தூக்கினார், இறக்கினார். இத்தனை வருஷமாக வழி தெரியாதபோதெல்லாம் செய்ததைத்தான் அப்போதும் செய்தார். என் பக்கம் திரும்பினார்.

"கோதை, இங்க நாம எப்படிப் போனோம்?"

தமிழில் கேட்டார். அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான். ஆனால் என் பெயர் எல்லோருக்கும் தெரியும். நானும் பழக்க தோஷத்தில், "ரெண்டா வெட்டிட்டு, பெரிய துண்டை முதல்ல பாருங்க" என்றேன்.

அவர் எழுதப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். என்ன செய்துவிட்டோம் என்று அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

"அவரிடம் என்ன கேட்டீர்கள்?" என்றார் சப்னிஸ்.

எதையாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். மழுப்பத்தான் போகிறார் என்று நான் நினைத்தேன்.

"இந்த நிரூபணம் அவருடையது, சார்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். "என் பெயர் ஏ-யில் ஆரம்பிக்கிறது. முதலில் நிற்பதற்கு வேறு காரணம் இல்லை." சாக்பீஸை என்னிடம் நீட்டினார்.

நான் எழுந்து போய் முடித்தேன். பிரமாதமாக முடித்தேன், இதில் அடக்கம் எதற்கு. மும்பைக்காரர் மேலும் இரண்டு கேள்வி கேட்டார், பிறகு பேனாவை மூடி வைத்தார். சாயங்காலம் பதவி எனக்கு என்று அறிவித்தார்கள்.

வண்டி நிறுத்தும் இடத்தில் அனந்தராமன் எனக்காக நின்றிருந்தார்.

"கோவம் போயிடுச்சா?"

"போயிடுச்சு. நீங்க உண்மையைச் சொன்னது பெரிய விஷயம்."

அவர் தலையை ஆட்டி மறுத்தார்.

"நீ வழி சொன்னப்புறமும் அடுத்த வரி எனக்கு வரல, கோதை. அந்த வரி இருக்கிற பேப்பர்ல முதல் பேர் என்னோடது."

சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பத் தோன்றாமல் நின்றேன். வெற்றி வெற்றிதான். ஆனாலும் அன்று அவருக்காக எனக்கு அழுகை வந்தது.