நான்காவது பாய்

ஊட்டி மலையில் நடுவட்டம் ஊருக்குக் கீழே இருந்த அந்தத் தேயிலை எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் ஒரே அறை, ஐந்து வகுப்பு, ஒரே டீச்சர் வேலாமணி. இரண்டாவது டீச்சர் வந்துவிடுவார் என்று துறை சொல்லிக்கொண்டே இருந்தது, அவளும் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். வந்தவர்கள் பள்ளியைப் பார்த்தார்கள், பனியைப் பார்த்தார்கள், அடுத்த பஸ்ஸிலேயே மலை இறங்கிப் போனார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் குவார்ட்டர்ஸில் கிடந்துவிட்டு, திங்கட்கிழமை வருகைப் பதிவை வாசிக்கும்போது வேலாமணியின் குரலே அவளுக்கு வேறு யாருடையதோ போலக் கேட்கும். அன்னூரில் அண்ணன் இருந்தார். அவருக்குத் தங்கையைப் பற்றிக் கவலையே இல்லை, அவள்தான் எதையும் சமாளித்துக்கொள்கிறவளாயிற்றே.

பிள்ளைகள் ஒவ்வொரு பாட அட்டையாகத் தாங்களே முடித்துக்கொண்டு போகும் அட்டை வழிப் பாடம் வந்த புதிது. அரசு அனுப்பிய அட்டைகளில் வயல் வரப்பும் தென்னந்தோப்பும் இருந்தன. இங்கே வரப்பைக் கண்ட பிள்ளை ஒன்றுகூட இல்லை. வேலாமணி பழைய காலண்டர் அட்டைகளை வெட்டித் தானே எழுதத் தொடங்கினாள். ஒவ்வொரு அட்டையின் தலையிலும் இந்த மாதிரி ஒரு வரி: 'இதை முடித்தால் உனக்குக் கடன் வாங்கிக் கழிக்கத் தெரியும்.' போய்ச் சேரும் இடம் எல்லோருக்கும் ஒன்று, வழி ஆளுக்கு ஒன்று. வீட்டில் படுகு மொழி பேசும் பெட்டி என்ற பிள்ளை முதலில் வாயால் சொல்லிவிட்டு அப்புறம் எழுதலாம். மலையாளம் பேசும் பிலோமி பீன்ஸ் விதைகளை எண்ணிப் பார்க்கலாம். யாரையும் யாருக்காகவும் காத்திருக்க வைப்பதில்லை.

அறையில் நான்கு பாய். முதல் பாயில் வேலாமணி கூடவே உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பாள். இரண்டாவதை அவ்வப்போது எட்டிப் பார்ப்பாள். மூன்றாவதில் பிள்ளைகளே ஒருவருக்கொருவர் உதவிக்கொள்வார்கள். நான்காவது பாய், யார் உதவியும் தேவைப்படாதவர்களுக்கு.

அந்த வருஷம் நான்காவது பாயில் பேச்சி மட்டும்தான். அவளோடு ஐந்தாவது படித்தவர்கள் எல்லாம் அப்பா அம்மாவோடு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். பேச்சியின் அம்மா வீரம்மா மட்டும் கொழுந்து பறிப்பதை விடவில்லை.

"ஊட்டியில ஹாஸ்டலோட பள்ளிக்கூடம் இருக்காம்ல டீச்சர்? எப்படியாச்சும் அதுல சேத்து விட்ருங்க. எங்கூட கூடையைத் தூக்கிக்கிட்டு வராம இருந்தாப் போதும்" என்று வீரம்மா வந்து சொல்லியிருந்தாள்.

அட்டைகளை முழுவதும் முடித்துவிட்டால் பேச்சி அந்தப் பள்ளியின் நுழைவுத் தேர்வைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவாள். வேலாமணிக்கு அதில் சந்தேகமே இல்லை.

பொங்கல் கழிந்ததும் பேச்சி சறுக்கத் தொடங்கினாள். முதலில் பின்னம் தப்பியது, பிறகு வகுத்தல், கடைசியில் பெருக்கலே தகராறு. மூன்றாவது பாய்க்கு இறங்கினாள், இரண்டாவதுக்கு வந்தாள், ஒருநாள் முதல் பாயில் வேலாமணியின் முழங்காலோடு ஒட்டி உட்கார்ந்தாள். தன் அட்டையில்தான் கோளாறு என்று நினைத்த வேலாமணி வழிகளை மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தாள். எளிதாக்க எளிதாக்கப் பேச்சி இன்னும் தப்பாகப் போட்டாள். தேர்வுக்கு மனுப் போடும் நாள் நெருங்கியது.

ஒரு மத்தியானம் பேச்சியின் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அழித்த தடம் தெரிந்தது. முதலில் எழுதியது சரியான விடை. அதை அழுத்தி அழித்துவிட்டு, மேலே தப்பை எழுதியிருந்தாள். இத்தனை வருஷத்தில் சரியை அழித்துத் தப்பு எழுதிய பிள்ளையை அவள் பார்த்ததில்லை.

"ஏங்கண்ணு இப்படிப் பண்ணுனே?"

பேச்சி பாயின் கோரையைப் பிய்த்தாள்.

"சரியாப் போட்டா நீங்க அந்தப் பக்கம் போயிருவீங்க டீச்சர். தெரிஞ்சவங்க தனியா உக்காரணும்ல?"

பாடத்தை ஒவ்வொரு பிள்ளைக்கும் அளவெடுத்துத் தைத்தோம் என்று வேலாமணி உள்ளூரப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாள். நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கும் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. வேறு யாருக்கும் தோன்றாமல் போகலாம், சனி ஞாயிறு தனியாகக் கிடக்கிற அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"இனிமே நீ சரியாப் போட்டாலும் நான் வந்து உக்காருவேன், போ" என்றாள்.

அப்படியே செய்தாள். சத்துணவு முடிந்ததும் நான்காவது பாயில் போய் உட்கார்ந்துவிடுவாள். பேச்சி மளமளவென்று ஏறினாள். கணக்குக்கு நடுவே கதையும் நடந்தது. தொழிலாளர் குடியிருப்பில் எந்த லயத்துக்குக் கரடி வந்தது, அம்மா எந்தப் பாட்டுக்கு அழுவாள், எல்லாம் வேலாமணிக்குத் தெரிந்தது. சொல்வதற்கு அவளிடமும் இவ்வளவு இருந்தது அவளுக்கே ஆச்சரியம். மத்தியானம் எப்போது வரும் என்றிருந்தது.

கடைசி அட்டை வந்தது. நூறு கிலோ பச்சை இலைக்கு இருபத்திரண்டு கிலோ தூள் என்றால், முந்நூற்றைம்பது கிலோவுக்கு எவ்வளவு? பேச்சி எழுபத்தேழு என்று எழுதி நீட்டினாள்.

வேலாமணி பேனாவை எடுத்தாள். இதற்குச் சரி போட்டால் நாளைக்கு அட்டை இல்லை. தேர்வு, ஊட்டி, பிறகு இந்தப் பாயில் யாரும் இல்லை. அவள் கை தப்பென்று பெருக்கல் குறி போட்டது.

"தப்பு கண்ணு. நாளைக்கு மறுக்கா பாத்துக்கலாம்."

பேச்சி தாளைப் பார்த்தாள். விரல் விட்டு, உதடு அசைய, மறுபடி போட்டாள். எழுபத்தேழுதான் வந்தது. நிமிர்ந்து டீச்சர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ரப்பரை எடுத்தாள்.

"வேற என்னன்னு எழுதட்டும் டீச்சர்?" என்றாள் மெதுவாக. "நாளைக்கும் தப்பாவே போடுறேன். நீங்க உக்காருங்க."

வேலாமணி அந்தச் சின்னக் கையைப் பிடித்து ரப்பரை வாங்கிக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. தான் போட்ட குறியை அடித்துவிட்டு, பக்கத்தில் பெரிதாகச் சரி போட்டாள்.

"போய் அம்மாவைக் கூட்டிட்டு வா சாமி. ஊட்டிக்கு மனு எழுதோணும்" என்றாள்.

பேச்சி ஓடினாள்.