தேவை குறைந்த பகுதி

மின்வாரியத் தலைமையகத்தில் அவருக்கு வைத்திருந்த பெயர் கிராஃப் அம்மாள். நாட்டின் மின்நுகர்வு எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, ஏன் என்று ஆராய்ந்து எழுதுவது அவர் பணி. வெயில் ஏற ஏறக் குளிர்சாதனங்கள் பெருகின. கணினி நிலையங்கள் அல்லும் பகலும் மின்சாரத்தை விழுங்கின. ஆலைகள் மூடிய இடங்களிலோ கோடு சரிந்தது. பழைய நூற்பாலைக் குடியிருப்பைப் பற்றி, 'நுகர்வு குறைந்த பகுதி' என்றே அவர் எழுதியிருக்க வேண்டும். துறையின் வழக்கை ஒட்டி, 'தேவை குறைந்த பகுதி' என்று எழுதிவிட்டார்.

அனல் கக்கிய ஒரு நண்பகலில் தம்பி மனைவி தொலைபேசியில் அழைத்தாள்.

"அண்ணி, இங்க கரண்டு போயிடுச்சு. மெஷின் நின்னுடுச்சு. சிலிண்டர்லயும் கொஞ்சம்தான் இருக்கு."

தம்பி அந்த ஆலையில் பஞ்சுத் தூசியைத் தின்றே நுரையீரலைப் பறிகொடுத்தவன். பிராணவாயு இயந்திரம்தான் அவனுக்கு மூச்சு. கிராஃப் அம்மாள் கட்டுப்பாட்டு அறைக்கு ஓடினார்.

"ஆலைக் குடியிருப்பை ஏன் சார் நிறுத்தினீங்க?"

பொறியாளர் திரையினின்றும் கண்ணை எடுக்கவில்லை. "ஊரே ஏசியைப் போட்டுப் போர்வைக்குள்ள படுத்திருக்கு, நம்ம கம்பிதான் வேர்த்துக் கொட்டுது. எங்கயாவது நிறுத்தணுமே! தேவையில்லாத இடம்னு நீங்கதானேம்மா எழுதினீங்க?"

"இல்லைன்னு எழுதலை, குறைவுன்னு எழுதினேன். அதுவே தப்பு சார். கரண்டு பில் கட்டுப்படியாகாம எல்லாத்தையும் அணைச்சு வெச்சிருக்காங்க. என் தம்பி அங்க மூச்சு மெஷின்ல இருக்கான்."

பொறியாளர் திரும்பிப் பார்த்தார். குரல் தணிந்தது. "இப்பப் போட்டா மொத்த ஊரும் இருண்டுடும்மா."

"குடியிருப்புக்கு எதிர்ல இருக்கிற வணிக வளாகத்தை நிறுத்துங்க."

"அதுல கை வைக்க எனக்கு அதிகாரம் இல்லை. ஒண்ணு செய்யுங்க, தம்பியை அங்கயே கொண்டு போயிடுங்க."

கிராஃப் அம்மாள் குடியிருப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது போக்குவரத்து விளக்குகள் அணைந்து சாலை முடங்கிக் கிடந்தது. ஆம்புலன்ஸ் எங்கோ நெரிசலில் கதறிக்கொண்டிருந்தது. அண்டை வீட்டார் இருவர் தம்பியை நாற்காலியோடு தூக்கினர். தம்பி மனைவி தீர்ந்துபோன சிலிண்டரை விட்டுவிட்டு, இயந்திரத்தை இடுப்பில் வைத்துச் சுமந்தாள்.

"ஊர்வலமா போறேன் பாருக்கா... மாலைதான் பாக்கி," என்றான் தம்பி. உதடுகள் நீலம் பாரித்திருந்தன.

"வாயை மூடுடா. பேச்சுக்கும் மூச்சு வேணும்."

வளாகத்தின் கண்ணாடிக் கதவு திறந்ததும் குளிர் முகத்தில் அறைந்தது. கடைப் பொம்மைகள் கம்பளி உடுத்தி நின்றன. காவலாளி குறுக்கே வந்தான்.

"இங்கெல்லாம் ப்ளக் போடக் கூடாதும்மா. வேலை போயிடும்."

"அவனுக்கு உயிரே போகுதுப்பா!"

காவலாளி தம்பியின் முகத்தைப் பார்த்தான். சுவரோரம் மினுங்கிக்கொண்டிருந்த விளம்பரப் பலகையின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, இயந்திரத்தின் வயரைத் தானே செருகினான். இயந்திரம் உறுமத் தொடங்கியது. குழாயைத் தம்பியின் மூக்கில் பொருத்தினார்கள். பை சுமந்தவர்கள் சற்றே ஒதுங்கி நடந்தார்கள்.

தம்பி மனைவி அவன் மார்பில் உள்ளங்கையை வைத்து, அது எழுவதற்காகக் காத்திருந்தாள்.

"இன்னும் கொஞ்சம் ஏத்தி வையுங்க, அண்ணி."

கிராஃப் அம்மாள் இயந்திரத்தின் அளவுக் குமிழைப் பார்த்தார். அது ஏற்கெனவே முழு அளவில் இருந்தது.

"ஏத்துங்க அண்ணி," என்றாள் அவள் மறுபடியும்.