இரண்டு விரற்கடை

தையற்காரி வேதாகமத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்து முடிக்கும்போதெல்லாம் இரண்டு விரற்கடை வளர்ந்தாள். முதல் முறை அவளுக்குப் பத்தொன்பது வயது. பாவாடை கணுக்காலுக்கு மேலே ஏறியதைப் பார்த்து, துணி சுருங்கிவிட்டதென்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனாள். மூன்றாம் முறைதான் காரணம் பிடிபட்டது. "படிச்சது போதும்க்கா, இனி உனக்கு மாப்பிள்ளைய ஏணி வெச்சுத்தான் தேடணும்" என்றான் தம்பி. அவள் நிறுத்தவில்லை. ஆண்டவரிடம் ஞானம் வேண்டும் என்று கேட்டிருந்தாள். கேட்டதைப் பாதியில் வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை. காலையில் மெஷினில் உட்காருமுன் நான்கு அதிகாரம், வருடத்துக்கு ஒருமுறை முழுப் புத்தகம்.

சபையார் இதை ஆசீர்வாதமாக எடுத்துக்கொண்டார்கள். பல்பு மாற்ற, ஒட்டடை அடிக்க, மின்விசிறி துடைக்க அவளைக் கூப்பிட்டார்கள். பத்தாம் வருடம் ஏணியை விற்றுவிட்டார்கள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: வேதபாட வகுப்பில் பத்து நிமிடம் பேச வேண்டும். "ஏத்த வேளை வரும், பொறுமையா இருங்கம்மா. அந்த மூலையில ஒரு பல்பு மினுக்குது பாருங்க" என்பார் போதகர். பல்பை மாற்றிவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வருவாள். கோபம் பாவம் என்று நினைத்து அதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்பாள். போதகர் தாம் நாற்பது முறை படித்ததாகச் சொல்வார். அவருடைய சட்டை அளவு அவளிடம் இருந்தது. இருபத்தைந்து வருடமாக அது மாறவில்லை, வயிற்றைத் தவிர.

முப்பத்தோராம் முறை முடித்த வாரம் ரொட்டிக்கடைக்காரரின் மகள் காய்ச்சலில் இறந்தாள். ஆறு வயது. பெட்டியில் கிடத்த வெள்ளைச் சட்டையைத் தையற்காரிதான் தைத்தாள். போதகர் சபைக் கூடத்தில் பெட்டியருகே நின்று, பெற்றவர்களின் விசுவாசக் குறைவுதான் இதற்குக் காரணம் என்று பிரசங்கித்தார். தாய் தலையைக் குனிந்துகொண்டாள். தையற்காரி எழுந்து நின்றாள்.

"அது வேதத்துல எங்க இருக்கு ஐயா?"

"உட்காருங்கம்மா. இது நேரமில்ல."

"இருபது வருஷமா இதையேதான் சொல்றீங்க. நான் முப்பத்தோரு தடவ தேடிட்டேன். நீங்க சொல்றது அதுல எங்கயும் இல்ல. பெத்தவளை அடிக்கிறதுக்கு ஆண்டவர் பேரை எடுக்காதீங்க."

குரல் ஜன்னல் கண்ணாடிகளை அதிரவைத்தது. இந்தக் கோபத்துக்கு அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. மண்டியிட்டு, அந்தத் தாயின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். போதகர் குறிப்புத்தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அதில் அடுத்த வரி இல்லை. பெட்டியைத் தூக்கும் நேரம் வந்தபோது தையற்காரி நிமிர்ந்தாள். அன்று எந்தப் புத்தகத்தையும் முடிக்கவில்லை. ஆனாலும் ஒரு சாண் வளர்ந்திருந்தாள். கூரை ஓடு இரண்டு உடைந்து விழுந்தது.

அந்த வாரமே ரொட்டிக்கடைக்காரர் சபைக் கூடத்துக்குத் தச்சரைக் கூட்டிவந்தார். தச்சர் அவளைக் கூடத்தின் நடுவில் நிறுத்தி அளந்தார்.

"கூரைய எவ்வளவு தூக்கணும்க்கா? இன்னும் எத்தன தடவ படிப்பீங்க?"

"இன்னும் பாதி புரியலையே. கொஞ்சம் தாராளமாவே வைங்க."

தச்சர் கூடுதலாக இரண்டு முழம் குறித்துக்கொண்டார்.