தீ இல்லாத எரிச்சல்

1
இந்தக் கதை கந்தர்வக்கோட்டை பஸ்ஸில் எனக்குக் கிடைத்தது. முன்சீட்டில் ஒரு பெண் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "புண்ணு ஆறிருச்சு. வலிதான் ஆறல." மற்றதெல்லாம் என் கற்பனை. அவளுக்குப் பிரகதாம்பாள் என்று பெயர் வைத்தேன்.

2
பிரகதாம்பாளுக்கு மாசியில் அக்கி கண்டது. விலாவைச் சுற்றிக் கொப்புளங்கள்...

(மருத்துவக் குறிப்பு மாதிரி இருக்கிறது. விடுகிறேன்.)

பிரகதாம்பாளால் ரவிக்கை போட முடியவில்லை. அக்கி காய்ந்து உதிர்ந்து மாதங்களாகியும், விலாவில் துணி உரசினாலே தணலை வைத்தாற்போல் எரிந்தது. நாத்தனார் வீட்டு விசேஷத்துக்கு வரமுடியாது என்றாள். கணவர் ஆத்மநாதன் அத்தனை பேர் முன்னாலும் சொன்னார்: "ஒண்ணுமில்ல, நடிக்கிறா."

அதன்பின் அவள் வலிக்கிறது என்று சொல்வதையே நிறுத்திவிட்டாள். நடிப்பா இல்லையா என்று டாக்டரே சொல்லட்டும் என ஆத்மநாதன்தான் புதுக்கோட்டைக்கு அழைத்துப் போனார்.

3
டாக்டர் மெர்லின் விளக்கியது இது. நரம்பு நுனிகளில் கண்ணுக்குத் தெரியாத வாசல்கள் உண்டு. சூடு பட்டால் ஒரு வகை வாசல் திறக்கும். மின்னேற்றம் கொண்ட உப்புத் துகள்கள் உள்ளே பாயும். அந்தத் துடிப்பு முதுகுத்தண்டு வழியே மூளைக்கு ஏறியதும் நாம் 'ஐயோ' என்கிறோம். (பள்ளிப் பாடமாகிவிட்டதா? இன்னும் இரண்டே வரி.) மிளகாய்க் காரமும் அதே வாசலைத்தான் திறக்கிறது. அக்கியில் அடிபட்ட நரம்பில் வாசல்கள் சும்மாவே திறந்துகொள்ளும்.

"மிளகாச் சத்து உள்ள களிம்பு தாரேன். மொதல்ல கூடுதலா எரியும். விடாம தடவுனா நரம்பு நுனி ஓஞ்சு அடங்கும். கையுறை போட்டுக்கங்க."

4
ஆத்மநாதன் கையுறை போடவில்லை. முதுகுப்பக்கம் அவளுக்கு எட்டாது என்று அவரே தடவிவிட்டார். (இவரைக் கொடியவராக்க நினைத்திருந்தேன். இடம் கொடுக்கவில்லை.) பிறகு வியர்வையைத் துடைக்கப்போய்க் கண்ணில் கை வைத்துவிட்டார்.

"ஆத்தாடி!" குழாயடிக்கு ஓடினார். பிரகதாம்பாள் எரிகிற விலாவோடு பின்னாலேயே போய், செம்பு செம்பாகத் தண்ணீர் ஊற்றினாள்.

"என்னடி இது? தீயே இல்ல, இப்புடி எரியுது!"

"எனக்கும் தீ இல்லைங்க."

5
அவர் அவளிடம் மன்னிப்பு...

(இல்லை. அவர் கேட்கிற ஆள் இல்லை.)

சாயங்காலம் கண் அடங்கியது. சிவந்த கண்ணோடு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எனக்கு நின்னுருச்சு. ஒனக்கு?"

இத்தனை மாதத்தில் அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவள் சொன்ன பதிலை நான் எழுதப்போவதில்லை. எதைச் சொல்லியிருந்தாலும் அதை நம்புவதற்கு அவள் வார்த்தையைத் தவிர அவரிடம் வேறு சாட்சி கிடையாது. உங்களிடமும்.