காயாத மண்

1

இந்தக் கதை ஒரு துண்டுக் காகிதத்தில் தொடங்கியது. அதில் மூன்று வரிகள், ஒரு வரி தப்பு. கொடுத்தவன் நான். நீங்களாகக் கண்டுபிடித்துத் திட்டுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

2002இல் வேங்கிக்கால் பக்கம் ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் உதவியாளனாக இருந்தேன். எந்தக் கூடம் என்று கேட்காதீர்கள். இப்போது அது இல்லை, இருந்தாலும் சொல்ல மாட்டேன்.

முதலில் எழுதிய தொடக்கம்: "ஒரு பிடி மண்ணில் கோடிக்கணக்கான உயிர்கள்—" பாடப்புத்தக வாடை, அடித்துவிட்டேன். அடுத்தது: "மலை உச்சியில் மேகம் கவிந்திருந்த ஒரு—" கிரிவல மலை இருக்கிற இந்த ஊர்க்காரன் எழுதினால் மலையில்தான் தொடங்க வேண்டும் என்று எவன் சொன்னான்? மூன்றாவது: பாஞ்சாலை கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். இது தேறும்.

2

பாஞ்சாலைக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். கீழ்பென்னாத்தூருக்கு அடுத்த ஊர். கணவர் காசி. இரண்டு பேருக்கும் சேர்த்து இரண்டு ஏக்கர் கழனி, அதில் நெல். அறுப்பு மிஷின் வந்ததிலிருந்து அந்தப் பக்கம் ஒரு தொல்லை. மிஷின் நெல்லைக் கொடுத்துவிட்டு வைக்கோலைக் கழனி முழுக்க இறைத்துவிட்டுப் போய்விடும். அறுத்தது போக மிஞ்சிய அடித்தாள் முழங்கால் உயரத்துக்கு நிற்கும். அள்ள ஆள் கிடைக்காது, மாடும் அதை முகர்ந்துவிட்டு விட்டுவிடும். ஆகவே எல்லோரும் கொளுத்தினார்கள். காசியும் கொளுத்தினார்.

பாஞ்சாலைக்கு அது ஆகவில்லை. தாளை மடக்கி உழுதால் மக்கி எருவாகும் என்று ரேடியோவில் கேட்டிருந்தார். இதை வைத்து வீட்டில் ஒரு மாதம் சண்டை. கடைசியில் காசி கழனி நடுவில் ஒரு வரப்பு போட்டார். மேற்குப் பாதி காசிக்கு, அவர் கொளுத்துவார். கிழக்குப் பாதி பாஞ்சாலைக்கு, அவர் மடக்கி உழுவார்.

(இப்படிச் சண்டையைத் தீர்த்துக்கொண்ட புருஷனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கதைக்கு ஒரு கெட்டவன் வேண்டுமே என்று காசியை முரடனாக்கி நான்கு பக்கம் எழுதிப் பார்த்தேன். மனுஷன் ஒத்துழைக்கவே இல்லை. கிழித்துப் போட்டேன்.)

முதல் வருஷம் கிழக்குப் பாதியில் நாற்று மஞ்சளடித்தது.* பக்கத்துக் கழனிக்காரர்கள் சிரித்தார்கள். காசி சிரிக்கவில்லை. தனக்கு வைத்திருந்த யூரியாவில் ஒரு பையை எடுத்துப் போய் மனைவியின் பாதியில் போட்டார். போட்டி விதிகளுக்கு இது விரோதம்தான்.

* தாளை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலிருக்கும் தழைச்சத்தை முதலில் தாங்களே தின்றுவிடும். பரிமாற வேண்டிய சமையல்காரர்கள் முதல் பந்தியில் உட்கார்ந்துவிடுவது மாதிரி. அவை செத்த பிறகு சத்து பயிருக்குத் திரும்பி வரும். பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

மூன்று வருஷம் ஆனது. விளைச்சல் இரண்டு பாதியிலும் ஏறக்குறைய ஒன்று. யார் சொன்னது சரி என்று தெரியவில்லை. மண்ணைப் பரிசோதித்துவிடலாம், எந்தப் பாதி மண் நல்ல மண் என்று வருகிறதோ இனிமேல் முழுக் கழனியும் அந்த வழிதான் என்று பேசி முடித்துவிட்டுத்தான் பாஞ்சாலை என்னிடம் வந்தார்.

3

நுண்ணுயிர்களை எண்ணும் சோதனையை அந்த வருஷம்தான் புதிதாகத் தொடங்கியிருந்தோம். அதற்கு மண் ஈரத்தோடு, எடுத்த அன்றைக்கே வர வேண்டும். சத்துச் சோதனைக்குத்தான் காய்ந்த மண். என்னிடம் அச்சடித்து இருந்தது பழைய காகிதம் மட்டுமே: "மண்ணை நன்கு காயவைத்துக் கொண்டுவரவும்." அதையே எடுத்து நீட்டினேன்.

பத்து நாள் கழித்து, ஐப்பசியில், இரண்டு துணிப்பைகளில் மண் வந்தது. கரைத்து, கண்ணாடித் தட்டுகளில் ஊற்றி வைத்தேன். மேற்குப் பாதித் தட்டில் புள்ளி புள்ளியாக உயிர்கள் முளைத்தன. கிழக்குப் பாதித் தட்டு துடைத்துவைத்த மாதிரி இருந்தது.

சந்தேகப்பட்டிருக்க வேண்டும். மறுநாள் பௌர்ணமி, கிரிவலக் கூட்டத்தில் பஸ் கிடைக்காது, சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்று நினைத்தேன். "கிழக்கு: நுண்ணுயிர்கள் இல்லை எனலாம்" என்று தட்டச்சு செய்து முத்திரை குத்திவிட்டேன்.

பாஞ்சாலை அதை இரண்டு தடவை படித்தார். மூன்று வருஷம் மடக்கி உழுததெல்லாம் எங்கே போச்சு என்று கேட்டார். மக்கும்போது மண் புளித்திருக்கலாம் என்று நான் ஏதோ பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது, இதை எழுதும்போதும்.

4

மறு வருஷம் அதே ஐப்பசி. பாஞ்சாலை மறுபடி இரண்டு பைகளோடு வந்தார், காசி வெளியே நின்றுகொண்டார். அடுத்தடுத்து இரண்டு அறுப்புக்கும் முழுக் கழனியையும் கொளுத்தியாகிவிட்டதாம். இப்போதாவது கிழக்குப் பாதி தேறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். பைகளை மேசையில் வைத்துவிட்டு, ஏதோ நல்ல சேதி சொல்கிற முகத்தோடு சொன்னார்.

"இந்த வாட்டி வறுக்கற வேலையே இல்ல சார். தானா காஞ்சிடுச்சு."

என்ன வறுத்தீர்கள் என்று கேட்டேன்.

"போன வருசம் எம்பாதி மண்ணு காயவே இல்ல சார். அவரு பாதி ரெண்டு நாள்ல காஞ்சிடுச்சு. எம்மண்ணு ஒரு வாரம் வெச்சும் சொதசொதன்னு கெடந்துது. நீங்க காயவெச்சு எடுத்தாரச் சொன்னீங்களே. அதான் மல்லாட்ட வறுக்கற சட்டில போட்டு வறுத்து எடுத்தாந்தேன்."

நான் உட்கார்ந்துவிட்டேன். (இந்த வாக்கியத்தை அழகாக்க ஒன்பது தடவை முயன்றேன். உட்கார்ந்துதான் விட்டேன்.)

புரிகிறதா உங்களுக்கு? மூன்று வருஷத் தாள் மக்கி மக்கி அந்த மண் தண்ணீரைப் பிடித்துவைக்கக் கற்றுக்கொண்டிருந்தது. நல்ல மண் என்பதால் காயவில்லை. காயவில்லை என்பதால் வேர்க்கடலைச் சட்டிக்குப் போனது. சட்டியில் அத்தனை உயிரும் செத்தது. நான் முத்திரை குத்தினேன்.

(இரண்டே எரிப்பில் மண் இவ்வளவு மாறிவிடுமா என்று விஷயம் தெரிந்தவர்கள் கேட்பீர்கள். அந்த ஐப்பசியில் மழையும் கம்மி. அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் கதை இன்னும் எடுப்பாக இருந்திருக்கும்.)

5

பாஞ்சாலையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். அவர் இரண்டு பைகளையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு மறுபடி மூன்று வருஷம் ஆகுமா என்று கேட்டார். ஆகும் என்றேன். வெளியே நிற்கும் காசியைக் கூப்பிடுங்கள், அவரிடமும் நானே சொல்லிவிடுகிறேன் என்று எழுந்தேன்.

"வேணாம் சார்," என்றார். "எம்பாதிய நான் கொளுத்தல. தீப்பெட்டிய எடுத்துட்டுப் போயி நின்னேன், கை வரல. அவருதான் வாங்கிக் கொளுத்தினாரு. திரும்பி வந்து ரெண்டு நாளு என்னப் பாத்துப் பேசல. அந்த மண்ணு நல்லாத்தான் இருந்துதுன்னு தெரிஞ்சா அவருக்குச் சோறு எறங்காது சார்."

அதற்குப் பிறகு மெதுவாக ஒன்று கேட்டார். இந்த அறிக்கையில் மேற்குக்குப் போன வருஷத்தைவிடக் கம்மி, கிழக்கில் இப்போதும் ஒன்றுமில்லை என்று போட்டுவிட முடியுமா? கொளுத்தியதால் உயிர் குறைந்துவிட்டது என்று இருந்தால் போதும், காசி தானாகவே நிறுத்திவிடுவார். கழனியும் பிழைக்கும், அவரும் பிழைப்பார்.

புதிதாக ஈர மண் கொண்டுவரச் சொன்னேன். மறுநாளே கொண்டுவந்தார்.

6

தட்டுகளை எண்ணிப் பார்த்தேன். இப்போது உங்களிடமும் மூன்று முடிவுகளை வைக்கிறேன்.

உள்ளதை அப்படியே எழுதலாம். மேற்கு கொஞ்சம் கூடியிருக்கிறது. கிழக்கு ஒன்றுமில்லாததிலிருந்து எங்கேயோ போயிருக்கிறது. போன வருஷம் காய்ந்த மண்ணும் வறுத்த மண்ணும், இந்த வருஷம் பச்சை மண், பின்னே கூடாதா? ஆனால் காகிதத்தில் பார்க்கிறவருக்குக் கொளுத்தியதால் மண் உயிர் பெற்றது என்றுதான் தெரியும். அத்தனையும் நிஜம், அத்தனையும் பொய்.

சட்டிக் கதையைக் காசியிடம் சொல்லலாம். இந்த முடிவை முழுதாக எழுதினேன். கடைசி வரி: "காசி தன் கைகளைப் பார்த்துக்கொண்டு—" அதற்கு மேல் ஓடவில்லை.

பாஞ்சாலை கேட்டபடி எண்களை மாற்றலாம். வேண்டுமென்றே இதுவரை ஒரு பொய் எண்ணும் நான் எழுதியதில்லை. தெரியாமல் எழுதிய ஒன்று என்ன செய்தது என்று பார்த்தீர்கள்.

ஒரு வாரம் கழித்து இரண்டு பேரும் உள்ளேயே வந்துவிட்டார்கள். தட்டச்சு இயந்திரத்தில் காகிதம் மாட்டியிருந்தது. எண் வரவேண்டிய இரண்டு கட்டமும் காலி. காசி தன் பாதியைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"சார், எங்க ஊட்டம்மா பாதி எப்டி சார் இருக்குது? போன வருசத்துக்கு இப்ப ஜாஸ்தி ஆயிருக்குதா? கொஞ்சமாச்சும்?"

பாஞ்சாலை என்னையே பார்த்தார். நான் அன்றைக்கு என்ன அடித்தேன் என்பது அந்தக் கழனிக்குத் தெரியும், உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. நாற்காலியிலிருந்து எழுந்துகொள்கிறேன், நீங்கள் உட்காருங்கள். காசி பதிலுக்காக நிற்கிறார்.