நடுக்கோட்டில் ஐந்து நிமிடம்

கதவைத் தட்டித் தட்டி நெரெய்தாவின் உள்ளங்கை சிவந்துவிட்டது. காலையிலிருந்து இது இரண்டாவது முறை. கறுப்பு உடுப்போடு, போகிறவர் வருகிறவரெல்லாம் பார்க்க, பூட்டிக் கிடக்கும் கூடைப்பந்து அரங்கின் இரும்புக் கதவை இடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. அப்பா செத்தும் அவளை விடவில்லை.

"தோன் தொரிபியோ! உள்ளதான் இருக்கீங்கன்னு தெரியும். பாட்டுச் சத்தம் கேக்குது."

பாட்டு நின்றது.

"நிறுத்துனதும் கேட்டுச்சு!"

கதவிலிருந்த சின்ன ஜன்னல் திறந்தது. ஒரு கண்ணும் பாதி மீசையும் தெரிந்தன. நாற்பது வருடமாக அந்த அரங்கின் சாவி, ஊரே 'தோன்' என்று மரியாதையாகக் கூப்பிடும் அந்தக் காவலாளியின் இடுப்பில்தான் தொங்குகிறது.

"என்ன வேணும்?"

"காலைல சொன்னதுதான். ரெண்டு மணிக்கு அடக்கம். போற வழியில அஞ்சு நிமிஷம் அப்பாவ நடுக்கோட்டுல இறக்கி வைக்கணும். எல்லாருக்கும் செஞ்சீங்கல்ல?"

"எல்லாருக்கும் செஞ்சேன். அவருக்கு மாட்டேன்."

அகுவாமான்சாவில் பந்தோடு பழகிய எவன் செத்தாலும் கல்லறைக்குப் போகும் வழியில் பெட்டி அந்த அரங்குக்குள் நுழையும். ஆட்டக்காரர்களுக்கு மட்டும் என்றில்லை. துண்டு மடித்துக் கொடுத்தவன், கடலை விற்றவள், நடுவரைச் செருப்பால் அடித்து ஆயுளுக்கும் தடை வாங்கியவன், எல்லோரும் அந்தக் கோட்டின் மேல் ஐந்து நிமிடம் கிடந்துவிட்டுத்தான் மண்ணுக்குள் போனார்கள்.

அவள் அப்பா எரிபெர்த்தோ மரேரோவுக்கு மட்டும் இல்லையாம். முப்பத்தொரு வருடம் வானொலியில் அகுவாமான்சா பெலிக்கானோஸ் அணியின் ஆட்டங்களை வர்ணித்தவர். மூன்று வருடத்துக்கு முன் முதலாளி அணியை மலைமேல் இருக்கும் மொன்தேசோலுக்கு விற்றுவிட்டான். சட்டை அதே, பறவை அதே, ஊர்ப் பெயர் மட்டும் மாறியது. கடலையே பார்க்காத ஊருக்குப் பெலிக்கன் என்கிற கடற்பறவை எதற்கு என்று அகுவாமான்சா வயிறெரிந்தது. ஆட்டக்காரர்கள் போனதைப் பொறுத்துக்கொண்டது. வர்ணிக்கிற அவர் குரலும் கூடவே போனதைத்தான் பொறுக்கவில்லை. ஊர் கூடி, அந்த அணியின் ஆட்டத்தை இனி எந்த வீட்டிலும் கேட்பதில்லை என்று கோயில் வாசலில் சத்தியம் செய்தது. மறுநாளிலிருந்து ரொட்டிக்கடைக்காரன்கூட அப்பாவுக்கு வணக்கம் சொல்லவில்லை.

"தொண்ணூத்தி நாலு ஃபைனல்," என்றார் தொரிபியோ. "கடைசிப் பந்து விழுந்ததும் 'அகுவாமான்சா, விளக்கையெல்லாம் போடு'ன்னு கத்துனாரே, ஞாபகம் இருக்கா? இந்தக் கையாலதான் போட்டேன். ஊர் பூரா போட்டுச்சு. அந்த வாயால இன்னொரு ஊர் பேரச் சொல்லப் போனாரு பாரு."

"வேற என்ன செய்வாரு? அந்த மனுஷனுக்கு வாய மூடிட்டு உக்காரத் தெரியாது. அவ்வளவுதான். எங்கிட்ட 'போயிட்டு வரேன்மா'ன்னுகூடச் சொல்லல. கடைசி ரெண்டு நாளும் நடுக்கோடு, நடுக்கோடுன்னுதான்."

"மொன்தேசோல்லயும் நடுக்கோடு இருக்கு. அங்க கொண்டு போ." ஜன்னல் சாத்திக்கொண்டது.

சவ அடக்க மண்டபத்தில் அறுபது நாற்காலி போட்டிருந்தார்கள். ஒன்பது பேர் இருந்தார்கள். அதில் இருவர் பக்கத்து அறைச் சாவுக்கு வந்தவர்கள். சூடான சாக்லேட்டும் பாலாடைக்கட்டியும் இங்கே நன்றாயிருக்கிறதென்று தங்கிவிட்டவர்கள்.

"சாவி கெடச்சுதா?" என்றாள் குருசீத்தா அத்தை.

"இல்ல."

"நீ கெஞ்சியிருக்கணும்."

"கெஞ்சினேன் அத்தை."

"அப்ப அதட்டியிருக்கணும்."

"அதட்டவும் செஞ்சேன்."

"ரெண்டையும் ஒண்ணாச் செஞ்சிருப்ப. அதான் காரியம் கெட்டுது."

நெரெய்தா பல்லைக் கடித்துக்கொண்டாள். பந்து விளையாட்டு என்றாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளுடைய பிறந்தநாள், பட்டமளிப்பு, கல்யாணம் எல்லாவற்றுக்கும் அப்பா தாமதமாகவே வந்தார், கூடுதல் நேர ஆட்டமாம். அப்பேர்ப்பட்டவருக்காக இன்று அவள்தான் ஊர் வாசலில் நாயாய் அலைகிறாள்.

அப்போதுதான் பெலிக்கானோஸ் சட்டை போட்ட ஒருவன் வியர்க்க விறுவிறுக்க உள்ளே வந்து, பெட்டியைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதான்.

"நீங்க யாரு?" என்றாள் நெரெய்தா.

"ஓத்தோனியெல். மொன்தேசோல்ல உங்கப்பாவுக்கு சவுண்டு பாத்தவன். வேலைய விட்டு அனுப்புன அன்னைக்கே வந்து பாத்திருக்கணும். வர மூஞ்சி இல்லாமப் போச்சு."

"அனுப்புனாங்களா? தொண்ட சரியில்லன்னு தானே விட்டுட்டதாச் சொன்னாரே."

அவன் மென்று விழுங்கினான். "தொண்டைக்கென்ன, கணீர்னு இருந்துச்சு. ஊர் பேருதான். 'மொன்தேசோல் பெலிக்கானோஸ்'னு இம்மாம் பெருசா எழுதி மேசையில ஒட்டி வெச்சேன். அதப் பாத்துக்கிட்டே 'அகுவாமான்சா பெலிக்கானோஸ்'ம்பாரு. மொத வருஷம் பூரா அப்படித்தான். ரெண்டாவது வருஷம் முதலாளி கூப்புட்டு, இன்னொரு தடவ சொன்னா வீட்டுக்குப் போன்னாரு. அன்னைக்கு ஆட்டத்துலயே ஏழு தடவ சொன்னாரு."

"வேணும்னே சொன்னாரா?"

"எங்க! சொன்னதே அவருக்குத் தெரியாது. 'நான் எப்படா சொன்னேன்'னு எங்கிட்ட சண்டைக்கு வருவாரு. திருப்பிப் போட்டுக் காட்டுனா தலைல அடிச்சுக்குவாரு."

நெரெய்தா பெட்டியின் பக்கம் திரும்பினாள். "ஒரு வருஷம்! ஒரு வருஷம் இஞ்சியும் தேனும் கலக்கிக் குடுத்தேனே, குடிச்சுட்டு பேசாம இருந்தீங்களே! ஊருக்கெல்லாம் தொண்ட கிழியக் கத்துனீங்க, வீட்டுல இருக்கிறவகிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன கொறஞ்சு போயிடும்?"

"செத்தவர ஏண்டி திட்டுற?" என்றாள் அத்தை.

"உயிரோட இருந்தப்ப திட்ட எங்க நேரம் குடுத்தாரு?"

கண்ணில் தண்ணீர் முட்டியது. அதுவும் எரிச்சலாக இருந்தது. இரண்டு வருடம் அந்த மலைமேல் உட்கார்ந்து இந்த ஊர்ப் பெயரைத்தான் கத்திக்கொண்டிருந்திருக்கிறார். கேட்க வேண்டிய ஊர் சத்தியம் செய்துவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டிருந்தது. அவளோ சத்தியம் எதுவும் செய்யாமலே கேட்கவில்லை.

"பதிவு ஏதாவது இருக்கா?"

"ஃபோன்ல எல்லாமே இருக்கு."

அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

மூன்றாவது முறை அவள் கதவைத் தட்டவில்லை, காலால் உதைத்தாள். ஜன்னல் திறந்ததும் ஃபோனை அந்த மீசைக்கு நேரே நீட்டினாள்.

அப்பாவின் குரல் வெடித்து வந்தது. நான்கு வினாடி, மூன்று, மூலையிலிருந்து வீசுகிறான், பந்து வளையத்தில் சுற்றுகிறது, சுற்றுகிறது... "விழுந்தது! விழுந்தது! அகுவாமான்சா, விளக்கையெல்லாம் போடு!" உடனே மொன்தேசோல்காரர்கள் ஆயிரக்கணக்கில் ஊளையிட்டார்கள். ஏதோ வந்து மேசையில் மோதியது. ஓத்தோனியெலின் கிசுகிசுப்பு கேட்டது: "தோன், மொன்தேசோல்... மொன்தேசோல்!" அப்பா எரிந்து விழுந்தார்: "அதத்தானேடா சொன்னேன்!"

தொரிபியோவின் கண் இமைக்கவில்லை.

"இது எப்ப?"

"போன வருஷம் மே மாசம்," என்றான் ஓத்தோனியெல். "அதோட வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

"இன்னொரு தடவ போடு."

போட்டான். ஊளைச் சத்தம் முடியும்வரை மூவரும் நின்றார்கள்.

"கெழட்டுக் கழுத," என்றார் தொரிபியோ. "வந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"அதத்தான் நானும் அவரக் கேட்டுட்டு வரேன்."

தாழ்ப்பாள் விலகியது. "ஷூவெல்லாம் வாசல்லயே கழட்டணும். பாதிரியாரா இருந்தாலும் சரி. தரை கெட்டுப்போவும்."

ஒன்றரை மணிக்குப் பெட்டி வந்தது. தூக்க ஆள் போதவில்லை. ஓத்தோனியெல், மண்டபத்துப் பணியாளர்கள் மூவர், போதாததற்குச் சாக்லேட் குடிக்கத் தங்கிய அந்த இருவர். ஆறு பேரும் காலுறையோடு வழுக்கி வழுக்கி நடந்தார்கள். ஒருவன் காலுறையில் கட்டைவிரல் எட்டிப்பார்த்தது. "பாத்து, பாத்து, போட்டுடாதீங்கடா," என்று அத்தை பின்னாலேயே கத்தினாள்.

மூன்று வருடமாக ஒரு பந்தும் படாத தரை பளபளவென்று இருந்தது. இருக்கைகள், வளையங்கள், வலைகள், எதிலும் ஒட்டடை இல்லை.

"யாரு விளையாடுறான்னு இப்படித் தொடச்சு வெச்சிருக்கீங்க?" என்று அத்தை கேட்டாள்.

பெட்டியை நடுக்கோட்டின் மேல் இறக்கினார்கள். அதற்குப் பிறகு என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. இந்த ஐந்து நிமிடத்தில் செத்தவரைப் பற்றி மைக்கில் பேசுகிறவர் எப்போதும் அப்பாதான். பாதிரியார் குளிர்ந்த தரையில் கால் மாற்றி மாற்றி நின்றார். நெரெய்தா தொரிபியோவைத் தேடினாள்.

அவர் ஓரத்திலிருந்த வர்ணனையாளர் மேசைக்குப் போயிருந்தார். அங்கிருந்த நாற்காலி மட்டும் மூன்று வருடத் தூசியில் நரைத்துக் கிடந்தது. அவர் தலையிலிருந்த தொப்பியை எடுத்து அதன் இருக்கையைத் துடைத்தார். அதன் சாய்வைத் துடைத்தார். அதன் கால்களைத் துடைக்க, முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தார்.

ஐந்து நிமிடம் ஆகிவிட்டதென்று பாதிரியார் செருமினார். நெரெய்தா கையை நீட்டி அவரை நிறுத்தினாள். தொரிபியோ இன்னும் நாற்காலியின் இரண்டாவது காலைத்தான் துடைத்துக்கொண்டிருந்தார்.